சீசாவில் அடைத்த இளமை

உடல்நலப் பகுதி

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து பிரசாதத்துக்கு வரிசையில் நிற்கும் வேளையில் காதில் விழும் பேச்சுக்கள் பலவிதம். வீட்டு விலை, பிள்ளைகளின் படிப்பு, சென்னைக்கும் கொழும்புக்கும் நாடிக்கும் விமான டிக்கெட் என்ன விலை என்ற விசாரிப்பு ஆகியவற்றோடு அண்மைக் காலமாக ஒரு புதிய சொல்லும் சேர்ந்து கொண்டிருக்கிறது. "பெப்டைடு" என்பதே அந்தச் சொல்.

ஒரு மாமாவும் மருமகனும் அந்த வரிசையில் நிற்பதாக வைத்துக் கொள்ளலாம். மாமாவுக்கு வயது 58. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். படி ஏறினால் முழங்கால் வலி. மருமகனுக்கு வயது 24. தினமும் ஜிம்முக்குப் போகிறவன், வார முடிவில் கிரிக்கெட்டும் ஆடுகிறான்.

"மாமா, முழங்காலுக்கு எத்தனை நாள் தைலம் தேய்ப்பீங்க? என்கிட்ட ஒரு ஊசி இருக்கு. தபால்ல வரவழைச்சேன். தோள்பட்டை வலி பத்து நாள்ல போயிடுச்சு."

"டாக்டர் கொடுத்தாரா?"

"டாக்டருக்கு இதெல்லாம் தெரியாது மாமா. இது பெப்டைடு. நம்ம உடம்புலயே இருக்கிற பொருள்தான். கெடுதல் ஒண்ணும் கிடையாது."

மருமகன் கெட்ட பிள்ளை அல்லன். மாமாவின் மேல் உள்ள பாசத்தினால்தான் சொல்கிறான். அவன் சொன்னதில் பாதி உண்மையும் இருக்கிறது. பாதி உண்மையாக இருப்பதனாலேயே இதைப் பற்றி விவரமாகத் தெரிந்து கொள்வது அவசியமாகிறது.

பெப்டைடு என்பது என்ன?

கோயிலில் பூத் தொடுப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அமினோ அமிலங்கள் என்பவை உதிரிப் பூக்கள் போன்றவை. நம் உடம்பு புரதம் கட்டுவதற்கு உபயோகிப்பவை பிரதானமாக 20 வகை. அவற்றைச் சில பூக்கள் கொண்ட சிறு சரமாகத் தொடுத்தால் அது பெப்டைடு. நீளமான பெரிய மாலையாகத் தொடுத்தால் அது புரதம். எந்தப் பூவுக்குப் பின் எந்தப் பூ வருகிறது என்பதைப் பொறுத்து அந்தச் சரம் உடம்பில் செய்யும் வேலையும் மாறுகிறது. ஒரு சரம் பசியை அடக்கும். வேறொன்று சர்க்கரையைக் குறைக்கும். இன்னொன்று வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கச் செய்யும்.

இவற்றில் பெரும்பாலானவற்றை வாயால் சாப்பிட்டால் பயன் இல்லை. பருப்பையும் பாலையும் ஜீரணிப்பது போலவே வயிறு இந்தச் சரத்தையும் பிய்த்து உதிரியாக்கி விடும். ஆகவேதான் ஊசி.

"நம் உடம்பிலேயே இருக்கிற பொருள்" என்பது சரி. ஆனால் அதனால் கெடுதல் இல்லை என்பது சரியல்ல. இன்சுலினும் நம் உடம்பில் இருக்கிற பொருள்தான். அளவு தவறிய இன்சுலின் ஊசி ஒரு மனிதனை மயக்கத்தில் ஆழ்த்தி உயிரையே வாங்கிவிடும் என்பதைச் சர்க்கரை நோயாளி உள்ள எந்த வீட்டிலும் கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

ஒரே மருந்து, இரண்டு ஊசி

இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்டது. பெப்டைடு மருந்துகளில் மூத்தது அதுவே. அதன் கதையில் இன்றைய கேள்விக்கு விடை இருக்கிறது.

1922-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் தேதி கனடாவின் டொராண்டோ நகர மருத்துவமனையில், சர்க்கரை வியாதியால் எலும்பும் தோலுமாகிச் சாகக் கிடந்த லெனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சரியாகச் சுத்திகரிக்கப்படாத மருந்து அது. சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. ஆனால் ஊசி போட்ட இடம் புண்ணாகிவிட்டது. டாக்டர்கள் உடனே நிறுத்திவிட்டார்கள். பிறகு காலிப் என்ற ரசாயன நிபுணர் இரவு பகலாக உழைத்து மருந்தைச் சுத்தப்படுத்தினார். ஜனவரி 23-ஆம் தேதி மறுபடியும் ஊசி போட்டார்கள். இந்த முறை பையன் பிழைத்து எழுந்தான். அதன் பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

இரண்டு ஊசிகளுக்கும் இடையே மாறியது மருந்தின் பெயர் அல்ல, அதன் சுத்தம்தான். சீசாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒரு விஷயம், உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம். நூறு ஆண்டுகளுக்கு முன் டொராண்டோவில் தெரிந்த இந்தப் பாடத்தைத்தான் இன்று தபாலில் சீசா வாங்குகிறவர்கள் மறந்து விடுகிறார்கள்.

சோதித்துப் பார்த்த பெப்டைடும் சோதிக்காத பெப்டைடும்

இன்று உலகமெங்கும் பேசப்படும் உடல் எடைக் குறைப்பு ஊசியான செமாகுளுடைடும் ஒரு பெப்டைடுதான். சாப்பிட்டபின் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனின் சாயலில் செய்யப்பட்டது. வாரம் ஒரு தடவை போட்டுக் கொள்வது. வெகோவி என்ற பெயரில் 2025 ஜூலையில் நியூசிலாந்தில் விற்பனைக்கு வந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. குமட்டல், வாந்தி, பித்தப்பைக் கல், சில சமயம் கணைய அழற்சி என்று இதற்கும் கெடுதல்கள் உண்டு. ஆனால் அந்தக் கெடுதல்கள் எவை, யாருக்கு வரும் என்பது டாக்டர்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும்? இருதய நோய் உள்ளவர்களிடம் இந்த மருந்தைச் சோதித்துப் பார்த்து 2023-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் மட்டும் 17,604 பேர் பங்கு கொண்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இருதய நோயால் மரணம் ஆகிய மூன்றும் சேர்ந்து 20 சதவிகிதம் குறைந்ததை அதில் கண்டார்கள்.

இனி மருமகனின் சீசாவைப் பார்க்கலாம். ஜிம்மில் அடிபடும் பெயர்களில் முதலிடம் பி.பி.சி.-157 என்பதற்கு. மனித இரைப்பை நீரில் உள்ள ஒரு புரதத்திலிருந்து எடுக்கப்பட்ட 15 பூக்கள் கொண்ட சரம் என்று சொல்கிறார்கள். குரோவேஷியா நாட்டின் ஸாக்ரெப் நகர ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாக இதைப் பற்றி எழுதி வந்திருக்கிறார்கள். எலிகளின் தசைநாரும் குடல் புண்ணும் சீக்கிரம் ஆறியதாகக் கண்டார்கள். எலிக்கு ஆறியது, சந்தோஷம். ஆனால் மனிதர்களிடம் நடந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய மிகச் சிறு ஆய்வுகளே. 17,604 எங்கே, விரல் விட்டு எண்ணுவது எங்கே!

தோள்பட்டை வலி பத்து நாளில் போயிற்றே என்று கேட்கலாம். அந்தப் பத்து நாளும் பையன் பாரம் தூக்காமல் ஓய்வாக இருந்தானா என்பதையும் கேட்க வேண்டும். தசை வலி பலருக்கு ஓய்விலேயே குறைந்துவிடும். ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது குணப்படுத்தியது என்று தெரியும். அப்படிப் பார்த்தவர்கள் இல்லை.

இன்னொரு சங்கதி. இந்தப் பொருள் புண்ணை ஆற்றுவது, புதிய இரத்தக் குழாய்களை வளர்ப்பதனால் என்று எலி ஆராய்ச்சிகள் சொல்கின்றன. புற்றுக் கட்டிகளும் புதிய இரத்தக் குழாய்களைக் கொண்டுதான் வளர்கின்றன. உடம்பில் வெளியே தெரியாத கட்டி ஒன்று இருந்தால் என்னவாகும்? மனிதரில் யாரும் நீண்ட காலம் கவனித்துப் பார்க்காததனால் பதில் சொல்ல ஆள் இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2023-இல் இதனையும் இன்னும் சில பெப்டைடுகளையும் பாதுகாப்பு பற்றிய சந்தேகம் உள்ளவை என்று ஒதுக்கி வைத்ததற்கு இத்தகைய காரணங்களே அடிப்படை.

சர்க்கரை உள்ளவர்கள் குறிப்பாகக் கவனிக்க

தசை வளரவும் வயதானவர்கள் இளமை பெறவும் என்று விற்கப்படும் சி.ஜே.சி.-1295, இபமோரெலின் போன்றவை உடம்பில் வளர்ச்சி ஹார்மோனை அதிகமாகச் சுரக்கச் செய்பவை. வளர்ச்சி ஹார்மோன் கூடினால் இன்சுலினின் வேலை தடைப்படும், இரத்தத்தில் சர்க்கரை ஏறும். கை கால்களில் நீர் கோத்துக் கொள்ளும். மணிக்கட்டு நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப் போவதும் உண்டு. நம்மவர்களுக்குச் சர்க்கரை வியாதி இளமையிலேயே வந்துவிடுகிறது, பலருக்கு வந்தது தெரியாமலே இருக்கிறது என்பது இந்த ஊர் டாக்டர்கள் நன்கறிந்த விஷயம். அப்படிப்பட்ட குடும்பத்தில் இந்த ஊசி, எரிகிற அடுப்பில் எண்ணெய் வார்ப்பது போலாகும்.

கல்யாணத்துக்கு முன் வெளுப்பு ஊசி

பெப்டைடு என்றால் பையன்களின் சமாசாரம் என்று தாய்மார்கள் இருந்துவிட வேண்டாம். கல்யாணப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நிறம் வெளுக்க என்று போடப்படும் குளுட்டாதயோன் ஊசியும் மூன்றே அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடுதான். தோலை வெளுக்கச் செய்வதற்கு எந்த ஊசி மருந்துக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா அனுமதி தந்ததில்லை. அந்த ஊசி மிகவும் பரவியிருந்த பிலிப்பைன்ஸ் நாட்டில் அரசாங்கமே அதன் அபாயங்களைப் பற்றி மக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. 2019-இல் அமெரிக்காவில், ஊசிக்கென்று தயாரிக்கப்படாத குளுட்டாதயோன் பொடியைக் கரைத்து ஊசியாகப் போட்டதில் 7 பேர் குமட்டலும் வாந்தியும் கண்டு அவதிப்பட்டார்கள். பொடியில் கிருமிகளின் நச்சுப் பொருள் கலந்திருந்தது. இந்த நச்சு, கிருமி செத்த பிறகும் சாகாதது. சாதாரணமாகக் கொதிக்க வைத்தாலும் போகாது. கண்ணுக்கு ஸ்படிகம் போல் தெளிவாகத் தெரியும் நீரிலும் அது இருக்கலாம்.

ஊருக்குப் போகும்போது அழகு நிலையத்தில் "இரண்டு ஊசிதான், பத்து நாளில் பாருங்கள்" என்று சொன்னால் பெண்ணைப் பெற்றவர்கள் இதை நினைத்துக் கொள்வது நல்லது. குழந்தையின் நிறத்தில் குறை காண்கிற சம்பந்தி வீட்டாருக்கு ஊசி எதுவும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆசை பழையது

மூப்பை வெல்லும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. நம் சித்தர்கள் காயகற்பம் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். காசி இந்து சர்வகலாசாலையை நிறுவிய பண்டித மதன் மோகன் மாளவியா 1938-இல், தமது 76-வது வயதில், தபசி பாபா என்ற சாதுவின் மேற்பார்வையில் சுமார் 40 நாட்கள் வெளிச்சம் புகாத குடிலில் இருந்து காயகல்ப சிகிச்சை எடுத்துக் கொண்டார். பத்திரிகைகள் அதைப் பற்றி ஏராளமாக எழுதின. நாடு முழுவதும் ஆவலுடன் காத்திருந்தது. ஆனாலும் அந்தப் பெருமகனாருக்கும் மூப்பு நிற்கவில்லை. 1946 நவம்பரில் காலமானார். அவர் பெயரை இன்று நிலை நிறுத்துவது அவர் கட்டிய சர்வகலாசாலையே.

மேல்நாட்டாரும் இதற்கு விலக்கல்ல. 1889 ஜூனில் பாரிஸ் நகரில் பிரவுன்-ஸெக்கார் என்ற புகழ்பெற்ற விஞ்ஞானி, தம் 72-வது வயதில், நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விரையிலிருந்து எடுத்த சாற்றைத் தமக்கே ஊசி போட்டுக் கொண்டு, இழந்த பலம் திரும்பிவிட்டது என்று விஞ்ஞானிகள் சபையில் அறிவித்தார். உலகமெங்கும் அந்தச் சாறு விற்பனையாயிற்று. அவரோ ஐந்து ஆண்டுகளுக்குள் மறைந்தார். 2002-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அவர் முறைப்படியே சாறு எடுத்துப் பார்த்தபோது, அதில் ஹார்மோன் இருந்தது என்று சொல்லத்தக்க அளவுகூட இல்லை என்று தெரிந்தது. அவருக்குப் பலம் தந்தது அவருடைய நம்பிக்கைதான். அவர் பொய்யர் அல்லர். தம் உடம்பைத் தாமே சோதித்துக் கொள்கிறவர் எவ்வளவு பெரிய மேதையானாலும் ஏமாறுவார் என்பதற்கு அவர் சாட்சி.

பின்னர் 1990-இல் அமெரிக்காவில் ஒரு டாக்டர், 60 வயதைத் தாண்டிய 12 ஆண்களுக்கு ஆறு மாதம் வளர்ச்சி ஹார்மோன் கொடுத்து, தசை கூடிக் கொழுப்புக் குறைந்ததாக எழுதினார். வெறும் 12 பேர்! அந்தக் கட்டுரையைக் காட்டி இளமை வியாபாரம் செய்தவர்கள் பெருகவே, அதை வெளியிட்ட மருத்துவப் பத்திரிகையே 2003-இல் வாசகர்களை எச்சரிக்க நேர்ந்தது.

இவற்றையெல்லாம் விட நெஞ்சை உருக்கும் கதை ஒன்று உண்டு. அது நியூசிலாந்தையும் தொட்டது. 1985 வரை, வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு இறந்தவர்களின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோனை ஊசியாகப் போட்டு வந்தார்கள். மோசடி எதுவும் இல்லை. நல்ல டாக்டர்கள், நல்ல நோக்கம். குழந்தைகளும் வளர்ந்தார்கள். ஆனால் சில சுரப்பிகளில் மூளையைக் கரைக்கும் ஒரு நோய் மறைந்திருந்தது. பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அது வெளிப்பட்டது. பிரான்ஸில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த நாட்டிலும் அவ்வாறு இறந்தவர்கள் உண்டு. இன்றைய வளர்ச்சி ஹார்மோன் அப்படித் தயாரிக்கப்படுவதில்லை. அந்த நோய்க்கு இப்போது இடமில்லை. இதைச் சொல்வதன் நோக்கம் வேறு. ஊசி போட்ட மறுநாள் ஒன்றும் ஆகவில்லை என்பதனால் ஒன்றும் ஆகாது என்று அர்த்தம் இல்லை. டாக்டர்களின் கண்காணிப்பில் இருந்ததனால்தான் அந்தக் குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. தபாலில் வாங்கித் தனியறையில் போட்டுக் கொள்பவனை யார் தேடுவார்கள்?

பக்கத்து நாட்டிலும் இங்கேயும்

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து எஸ்ஸெண்டன் கால்பந்துக் கழகத்தில் 2012-இல் வீரர்களுக்கு வரிசையாக ஊசி போடப்பட்டது. விவகாரம் மறு ஆண்டு வெடித்தது. பல ஆண்டுகள் வழக்கு நடந்து 2016 ஜனவரியில், தைமோஸின் பீட்டா-4 என்ற பெப்டைடு சம்பந்தமாக 34 வீரர்களுக்கு விளையாட்டுத் தடை விதிக்கப்பட்டது. இதில் பரிதாபம் என்னவென்றால், எந்த வீரனுக்கு எது எவ்வளவு ஏற்றப்பட்டது என்பதற்கு ஒழுங்கான குறிப்பேடு இல்லை. பணமும் டாக்டரும் நிபுணரும் நிறைந்த ஒரு பெரிய கழகத்திலேயே இந்த நிலை.

நியூசிலாந்தில் 2017-இல், தசை வளர்க்கும் மருந்துகளைத் தபாலில் விற்று வந்த ஒருவருக்குக் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவருடைய கணக்கில் இருந்த பெயர்களைக் கொண்டு, வாங்கியவர்களில் விளையாட்டுக் கழகங்களைச் சேர்ந்தவர்களையும் அதிகாரிகள் தேடிப் பிடித்தார்கள். பெரிய வீரர்கள் அல்லர், வார முடிவில் ஆடுகிற சாதாரணக் கழக ஆட்டக்காரர்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் அகப்பட்டவர்களும் அல்லர். வாங்கிய குறிப்பே போதுமானதாயிற்று. பி.பி.சி.-157 உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் 2022 முதல் இருக்கிறது. கிரிக்கெட்டோ கபடியோ ரக்பியோ, கழகத்தில் பெயர் பதிந்து ஆடும் பிள்ளைகள் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

2025 ஜூலையில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், மூப்பை எதிர்ப்பதற்கென்றே கூடிய ஒரு விழாவில் பெப்டைடு ஊசி போட்டுக் கொண்ட இரு பெண்கள் அபாய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். நல்ல வேளையாகப் பிழைத்தார்கள். மருந்தே காரணமா, அதில் கலந்திருந்த வேறு ஏதாவதா என்று அதிகாரிகளால்கூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சீசாவில் எழுதியிருப்பது

இந்தச் சீசாக்களில் பலவற்றின் மேல் "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் உபயோகத்துக்கு அல்ல" என்று அச்சிட்டிருக்கும். வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஊசியை எடுக்கிறார்கள். உண்மையில் அந்தச் சீசாவில் உள்ள ஒரே நேர்மையான வாசகம் அதுதான். ஆராய்ச்சி நடக்கத்தான் செய்கிறது. ஆராய்ச்சிப் பிராணி யார் என்பதைத்தான் வாங்குபவர் யோசிப்பதில்லை.

அளவிலும் அபாயம் உண்டு. சீசாவில் இருப்பது பொடி. அதில் நீர் விட்டுக் கரைப்பது வாங்குபவர் வேலை. 5 மில்லிகிராம் பொடியில் 2 மில்லி நீர் விட்டால், இன்சுலின் ஊசிக் குழலில் 10 என்ற கோடு கால் மில்லிகிராம். அதே பொடியில் 1 மில்லி நீர் விட்டால் அதே கோடு அரை மில்லிகிராம். 10-க்குப் பதில் 100 வரை இழுத்துவிட்டால் பத்து மடங்கு. ராத்திரி வேலை முடிந்து வந்த தூக்கக் கலக்கத்தில் கணக்குத் தவற எவ்வளவு நேரமாகும்? அதுவும் சீசாவில் உண்மையாகவே 5 மில்லிகிராம் இருந்தால்தான் இந்தக் கணக்கும். பிரசித்தி பெற்ற கம்பெனி மருந்துக்கே போலி வருகிறது. ஓஸெம்பிக் என்ற பெயரில் பிரேஸிலிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 2023-இல் அகப்பட்ட போலி ஊசிகளைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விடுத்தது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1981-ஆம் ஆண்டு மருந்துகள் சட்டப்படி அனுமதி பெறாத மருந்தை நியூசிலாந்தில் பொதுமக்களுக்கு விற்பதும் விளம்பரம் செய்வதும் குற்றம். இந்த ஊசிகளில் பல, டாக்டர் சீட்டு வேண்டிய மருந்துகள் என்று வகைப்படுத்தப்பட்டவை. சீட்டு இல்லாமல் வரவழைக்கும் பொட்டலத்தை ஆக்லாந்து விமான நிலையத்தை அடுத்த சர்வதேசத் தபால் நிலையத்திலேயே நிறுத்தி வைத்துவிடலாம். ஊரிலிருந்து வரும் பெற்றோர் தங்கள் மருந்துகளைக் கொண்டு வரும்போது அசல் டப்பாவிலேயே, டாக்டர் கடிதத்துடன், மூன்று மாதத் தேவைக்கு மேற்படாமல் கொண்டு வந்து, விமான நிலையத்தில் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. "பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு சீசா" என்று யாராவது கொடுத்தால் கண்டிப்பாக வாங்கி வரக் கூடாது.

ஏற்கெனவே போட்டுக் கொண்டவர்களுக்கு

ஊசி போட்டுக் கொண்ட பிள்ளையைத் திட்டித் தீர்ப்பதனால் பயன் இல்லை. திட்டினால் மறைப்பான். மறைத்தால் அபாயம் அதிகம். கீழ்க்கண்டவற்றைச் செய்வது நலம்.

1. குடும்ப டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சீசாவையும் எடுத்துப் போக வேண்டும். டாக்டர் போலீஸ்காரர் அல்ல.

2. ஊசியையோ சீசாவையோ நண்பனுடன் பகிர்ந்து கொள்ளவே கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமிகள் அப்படித்தான் பரவுகின்றன. உபயோகித்த ஊசியைக் குப்பைத் தொட்டியில் எறியாமல் எங்கே சேர்ப்பது என்று மருந்துக் கடையில் கேட்டால் சொல்வார்கள்.

3. ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ தாமதிக்காமல் 111-க்குப் போன் செய்ய வேண்டும்.

4. சந்தேகம் கேட்க ஹெல்த்லைன் இரவு பகல் எந்நேரமும் உண்டு. எண் 0800 611 116. கட்டணம் இல்லை. அளவு அதிகமாகிவிட்டது என்று தோன்றினால் விஷ முறிவு ஆலோசனை நிலையத்தின் எண் 0800 764 766.

5. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள், இருதய நோயாளிகள், புற்றுநோய் வந்து குணமானவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் "ஒரே ஒரு தடவை" என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது.

உடல் எடை குறைய வேண்டும், முழங்கால் வலி தீர வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. வெகோவி வந்தபோது அரசாங்க மானியம் இல்லாமல் மாதம் பல நூறு டாலர் விலை. ஆகவே மலிவான சீசாவைத் தேடுகிறவர்களின் கஷ்டமும் புரிகிறது. ஆனால் இந்த நாட்டில் டாக்டர் எழுதிக் கொடுக்கும் இன்னொரு சீட்டு இருக்கிறது. பெயர் கிரீன் பிரிஸ்கிரிப்ஷன். 1998 முதல் நடைமுறையில் உள்ளது. மருந்துக்குப் பதில் தேகப்பயிற்சி எழுதிக் கொடுப்பார்கள், வழிகாட்ட ஆளும் ஏற்பாடு செய்வார்கள். தொடையின் தசை பலப்பட்டால் முழங்காலின் சுமை குறையும் என்பது சோதித்துப் பார்த்துத் தெரிந்த உண்மை. கார்ன்வால் பூங்காவில் காலையில் நடப்பதற்குக் கட்டணம் கிடையாது. நடந்துவிட்டு வந்து பொங்கலை இரண்டு தடவை வாங்கிக் கொண்டால் மட்டும் பயன் இராது.

மீண்டும் வரிசையில் நிற்கும் மாமாவிடம் வருவோம். அவர் மருமகனைக் கோபித்துக் கொள்ளவில்லை.

"தம்பி, உன் சீசாவை எடுத்துக்கிட்டு வா. திங்கட்கிழமை நான் டாக்டர்கிட்ட போறேன். ரெண்டு பேருமா போவோம். என் முழங்காலை நான் காட்டறேன், உன் சீசாவை நீ காட்டு."

"டாக்டர் திட்டுவாரே மாமா."

"திட்டினா வாங்கிக்கலாம். எனக்குச் சர்க்கரை வந்தப்ப நான்கூடத்தான் ரெண்டு வருஷம் ஒளிச்சு வச்சேன். உங்க அத்தைகிட்டகூடச் சொல்லலை. அந்த ரெண்டு வருஷத்துலதான் கண்ணு கொஞ்சம் கெட்டுப் போச்சு. நீ அதைச் செய்யாதே."

பையன் பதில் பேசவில்லை. வரிசை நகர்ந்தது. மாமா தட்டை நீட்டினார். சர்க்கரைப் பொங்கலில் ஒரு கரண்டி மட்டும் போதும் என்று கையைக் காட்டினார்.